ஸ்டேசன் மாடியின் பின்படி

ஸ்டேசன் மாடிக்கு இரண்டு படிக்கட்டுகள். முன்படி அகலமான சிமெண்டுப் படி, நேராகச் சிரம்பான் கடைத்தெருவில் இறங்கும். பின்படி இரும்பு. ஒருவர் ஏறினால் எதிரே வருகிறவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். அது ரயில் பிளாட்பாரத்தில் போய் இறங்கும். அந்தோனியம்மாள் அக்கா அந்த மாடியின் வளையல் கடையில் இருந்த காலம் முழுக்க அந்த இரும்புப் படியில் கால் வைத்ததே இல்லை. ஒருமுறை கீழே காப்பிக் கடையில் அடுப்பு தீப்பிடித்துப் புகை மேலே ஏறிவிட்டது. நாங்கள் எல்லாரும் விழுந்தடித்துக்கொண்டு பின்படியில் ஓடினோம். அக்கா மட்டும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, புகைக்குள்ளேயே நடந்து முன்படி வழியாக இறங்கினார்.

"செத்துப் போயிருந்தா என்னக்கா பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"செத்தா மட்டும் என்னா, முன்படியிலதான தூக்கிட்டுப் போவீங்க" என்றார். அவரிடம் வாய் கொடுத்து நான் ஜெயித்ததில்லை.

நான் எதிர்க் கடைக்காரன். கேசட் விற்றவன். அமிர்தலிங்கம் என்று கேட்டால் அந்த வட்டாரத்தில் ஒருவருக்கும் தெரியாது, கேசட்டு என்றால் தெரியும். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அக்காவை நினைத்தால் இன்னும் சீக்கிரம் வரும். கெட்டவர்கள்மேல் வரும் கோபத்துக்கு ஒரு முடிவு உண்டு. இது அப்படிப்பட்டதில்லை.

மாடி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். வெள்ளைக்காரன் காலத்தில் ரயில் சாமான் போட்டு வைக்கக் கட்டிய கிடங்கு. எழுபதுகளின் தொடக்கத்தில் மேல்தளத்தைத் தடுத்துக் கடைகளாக்கி, கீழே காப்பிக் கடையும் மளிகையும் போட்டார்கள். இப்போது பிள்ளைகள் மால் மால் என்கிறார்களே, அதுதான் அது. ஏர்கண்டிஷன் கிடையாது, நகரும் படி கிடையாது. ஆனாலும் தோட்டத்து ஆளுக்கு அதுதான் சிங்கப்பூர். சம்பளம் போட்ட வாரத்து ஞாயிற்றுக்கிழமையில் லாபு, ரந்தாவ், கோலா கிளாவாங் பாதையில் உள்ள தோட்டங்கள் எல்லாம் காலி. பஸ்ஸிலும் ரயிலிலும் லோரியிலும் வந்து இறங்குவார்கள். பிள்ளைக்குச் சட்டை, பெண்டாட்டிக்கு வளையல், தனக்கு ஒரு கேசட், அப்புறம் கீழே ஒரு பிளேட் மீ கோரேங். நடைபாதையில் ஒருவர் முதுகை ஒருவர் இடிக்காமல் போக முடியாது.

அந்தக் கூட்டத்துக்குள் இன்னொரு காரியமும் நடக்கும். பெண் பார்ப்பது.

தோட்டத்து லயத்தில் பெண் பார்க்க வந்தால் மூடி மறைக்க முடியாது. வரிசையாக வீடு, இடையில் ஒரு பலகைச் சுவர். மாப்பிள்ளை வீட்டுக் கார் வாசலில் நின்றால் எத்தனை பேர் இறங்கினார்கள், எத்தனை கிளாஸ் தேத்தண்ணி உள்ளே போனது என்பது வரைக்கும் லயத்துக்கே தெரிந்துவிடும். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனால், மறுநாள் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய் நிற்கிற பெண்ணின் முகத்தை எல்லாரும் பார்ப்பார்கள். அதனால் சனங்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். பெண் வீட்டார் ஏதோ வளையல் வாங்க வந்த மாதிரி ஸ்டேசன் மாடிக்கு வருவார்கள். பெண்ணைக் கடை முக்காலியில் உட்கார வைப்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் தற்செயலாக வந்த மாதிரி அதே கடைக்குள் நுழைவார்கள். கல்யாணப் பேச்சே எடுக்கக்கூடாது. மாப்பிள்ளையின் அம்மா, "இந்தப் பச்சை உன் கைக்கு நல்லாருக்கும் போலருக்கே" என்று சொல்லி ஒரு வளையலை எடுத்துப் போட்டுப் பார்ப்பாள். பிடித்திருந்தால் வளையலை அவளே வாங்கிக் கொடுத்து, எல்லாருமாக முன்படி இறங்கிக் காப்பிக் கடைக்குப் போவார்கள். பிடிக்கவில்லை என்றால், "வண்டிக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டுப் பின்படியில் இறங்கிவிடுவார்கள். பஸ்ஸில் வந்தவர்களானாலும் சரி, சொந்தக் காரில் வந்தவர்களானாலும் சரி, பின்படிதான். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கக்கூடாது. இதுதான் ஏற்பாடு.

அந்தோனியம்மாள் அக்காவையும் அந்தக் கடையில்தான் பார்த்தார்கள். எழுபத்து நாலு என்று சொல்வார். அப்போது அவர் ஒன்பதாங்கட்டைத் தோட்டத்தில் ரப்பர் பாலுக்கு மரம் வெட்டிக்கொண்டிருந்தார். கடை மெய்யப்பன் செட்டியார் சம்சாரம் ஆவுடையம்மை ஆச்சியுடையது. மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் வேலை, அக்கா வீட்டாரைப் போலவே வேதக்காரக் குடும்பம், தெமியாங்கில் வீடு. அக்காவின் அப்பா, அம்மா, தம்பி டொனால்ட் எல்லாரும் பெருநாள் உடுப்போடு வந்து நின்றிருக்கிறார்கள். மாப்பிள்ளையின் அம்மா வளையலைப் போட்டிருக்கிறாள். அக்கா கை மரம் வெட்டின கை, அகலம். விரல் முட்டியைத் தாண்டவில்லை. ஆச்சி சோப்புத் தண்ணீர் கொண்டுவந்து தடவியும் தாண்டவில்லை. ஒரு வளையல் உடைந்தது. நகக்கண்ணில் கறுப்பாக ஏறியிருந்த பால் கறையை அந்த அம்மாள் திருப்பித் திருப்பிப் பார்த்தாளாம். அப்புறம் எழுந்து, "வண்டிக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டாள்.

"தெமியாங்குக்கு என்னா வண்டி தம்பி?" என்று அக்கா என்னிடம் கேட்பார். "நடந்தா வீடு வந்துரும்." இதைச் சொல்லும்போது சிரிப்பார். நான் சிரித்ததில்லை.

அவர்கள் போனபிறகு அப்பாவும் அம்மாவும் கிளம்பியிருக்கிறார்கள். அக்கா முக்காலியை விட்டு எழவில்லை. "நான் வரல. காலையில உடுத்திக்கிட்டுக் கெளம்புனத லயமே பாத்துச்சு" என்றாராம். அம்மா அழுது பார்த்தார், அப்பா அதட்டிப் பார்த்தார். கடைசியில் ஆச்சிதான், "இருக்கட்டும், எனக்கும் ஆள் தேவைதான். பொம்பளப் பிள்ளையத் தெருவுல வச்சு இழுக்காதிய" என்று முடித்துவைத்தார். காலையில் பெண்ணாக வந்து உட்கார்ந்தவர் சாயங்காலம் கடைக்காரியாகிவிட்டார். அப்புறம் கல்யாணம் என்ற பேச்சை அவர் வீட்டிலும் யாரும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவிடவில்லை.

நான் எதிரே கடை போட்டது எழுபத்தெட்டில். வந்த முதல் வாரமே எனக்குப் பாடம் நடந்துவிட்டது. அக்கா கையை உயர்த்தினால் பாட்டுச் சத்தத்தைக் கூட்ட வேண்டும், ஏனென்றால் அங்கே பெண் பார்ப்பு நடக்கிறது, பேச்சு வெளியே கேட்கக்கூடாது. கையைத் தாழ்த்தினால் குறைக்க வேண்டும். "நான் என்ன உங்க ரேடியோவா?" என்று முறைத்தேன். "இல்ல, ரேடியோன்னா காசு குடுத்து வாங்கணும்" என்றார். அன்றிலிருந்து நான் அவருக்குத் தம்பி.

பின்படியில் போய்விட்ட பார்ட்டிகள் எத்தனையோ. அப்போதெல்லாம் அந்தப் பெண்கள் வளையலைக் கழற்றப் பார்ப்பார்கள். அக்கா விடமாட்டார். "கையில போட்டதக் கழட்டாத. அது ஒன்னோடது, போட்டுட்டுப் போ" என்பார். காசு வாங்கமாட்டார். அப்புறம் குனிந்து, தன் சொந்தத் தங்கச்சியிடம் பேசுகிற மாதிரிச் சொல்வார்: "இப்படித்தான் ஒரு பார்ட்டி பின்படியில எறங்கிப் போச்சு. மறுவாரமே முன்படியில ஏறி வந்தாங்க. பொண்ணு இப்ப ரந்தாவுல மூணு புள்ளையோட நல்லாருக்கு." பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டும். நான் எதிரே உட்கார்ந்து எத்தனை முறை கேட்டிருக்கிறேன். அப்படி ஒரு பார்ட்டி வந்ததை என் கண்ணால் பார்த்ததில்லை. ரந்தாவுப் பெண் யார் என்று ஒருநாள் கேட்டதற்கு, "ஒனக்கு என்னாலா அது" என்று திரும்பிக்கொண்டார்.

எண்பதுகளின் நடுவில் செட்டியார் காலமானார். ஆச்சியின் பிள்ளைகள் கோலாலம்பூரில் இருந்தார்கள், அவரையும் கூட்டிப் போய்விட்டார்கள். போகும்போது ஆச்சி கடையை அக்கா பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்கு அக்கா எனக்கு மட்டும் ஒரு போத்தல் ஆரஞ்சு வாங்கிக் கொடுத்தார். "நம்ம லயத்துல வீடுன்னா தோட்டத்தோடது, மரம்னா தோட்டத்தோடது, நாம படுக்கற பலகையும் தோட்டத்தோடது. இது என் பேருல இருக்கு தம்பி" என்றார். அந்தச் சந்தோசத்தை நான் பார்த்தேன். அதனால்தான் பிறகு நடந்ததைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

மாடிக்குக் கேடு ஒரே நாளில் வரவில்லை. தோட்டங்களை விற்றார்கள், துண்டு போட்டார்கள், வீட்டு மனையாக்கினார்கள். மரம் வெட்டினவர்களின் பிள்ளைகள் செனாவாங் ஃபேக்டரிகளுக்கு ஷிஃப்டுக்குப் போய்விட்டார்கள். கையில் மோட்டார், சம்பளம் மாதக் கடைசியில், ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம். வெளியூர் பஸ்கள் எல்லாம் புது நிலையத்துக்குப் போயின. ஏர்கண்டிஷன் போட்ட பெரிய கடைத்தொகுதி ஒன்று வேறு பக்கம் திறந்தது. கடைசியாக மின்சார ரயில் வரப்போகிறது என்றபோது, ஆகா இனிமேல் கூட்டம் வரும் என்று நாங்கள் எல்லாரும் நம்பினோம். வந்தது. இறங்கினவர்கள் எங்கள் மாடியை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் வேறு வாசல் வழியாகப் போனார்கள்.

பெண் பார்ப்பும் நின்றது. கடைசியாக ஒரு குடும்பம் பழைய வழக்கம் விடாமல் வந்தது. பெண்ணுக்குச் செனாவாங்கில் வேலை. முக்காலியில் உட்கார்ந்து சிரிப்பை அடக்க முடியாமல், "அக்கா, இவரத்தான் தெனமும் ஃபேக்டரி பஸ்ஸுல பாக்குறேன். இங்க வந்து வேற பாக்கணுமா?" என்றது. பெரியவர்களுக்கு முகம் சிவந்துவிட்டது. அக்கா மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார். அவர்கள் போனபின், "நல்லது தம்பி. அந்தப் பின்படி இனிமே எந்தப் பொண்ணுக்கும் வேணாம்" என்றார். அந்த வழக்கம் செத்ததற்கு அவர் துக்கப்படவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். துக்கம் கடையைப் பற்றி.

தொண்ணூற்று மூன்றில் கோலாலம்பூர்க் கம்பெனி ஒன்று வந்தது. ஸ்டேசன் மாடியை இடித்துவிட்டுப் பல மாடிக் கட்டடம் கட்டப் போகிறார்களாம். கீழே ஒரு மேசைமேல் கண்ணாடிப் பெட்டிக்குள் அதன் மாதிரியை வைத்தார்கள். பஞ்சில் செய்த மரங்கள், தீப்பெட்டியில் பாதி அளவுக் கார்கள், கை நகம் அளவுக்கு மனிதர்கள். எல்லாரையும் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார்கள். இடிக்கிற வரைக்கும் எவர் கடையைத் திறந்து வைத்திருக்கிறாரோ, அவருக்குப் புதுக் கட்டடத்தில் கீழ்த்தளத்திலேயே கடை என்றார்கள். அக்கா பெட்டியின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"இதுல வளையல் கடை எங்கக்கா?" என்று சீண்டினேன்.

அவர் விளையாடவில்லை. கண்ணாடிமேல் விரலை வைத்து, முன்வாசலை ஒட்டின ஒரு மூலையைக் காட்டினார். "இங்க" என்றார். அன்றிலிருந்து அவருக்கு வேண்டியது அந்த ஒரு மூலைதான். வேறு எதையும் அவர் யாரிடமும் கேட்டதில்லை.

அடுத்த வருசம் இன்னொரு வழி வந்தது. புது பஸ் நிலையத்தில் சிறுகடைகள் கட்டினார்கள், மாடியில் இருப்பவர்களுக்கு முதலில் தருவதாகச் சொன்னார்கள். ஒரே நிபந்தனை, அங்கே எடுத்தால் இங்கே உள்ள கடையை விட்டுக்கொடுத்துவிட வேண்டும். நான் மறுவாரமே எடுத்தேன். துணிக்கடை அர்ச்சுனன் எடுத்தார். ஒவ்வொருவராக எல்லாரும் எடுத்தார்கள். அக்காவுக்கு என் கடைக்குப் பக்கத்துக் கடையையே சொல்லி வைத்திருந்தேன்.

"நான் எந்திரிக்க மாட்டேன் தம்பி."

"இங்க யாருக்கா வர்றா? ஈ கூட வரல."

"எங்கப்பா எந்திரிச்சாரு" என்றார். அந்தக் கதை எனக்குத் தெரியும், ஆனாலும் மறுபடி சொன்னார். ஒன்பதாங்கட்டைத் தோட்டத்தை விற்றபோது லயத்தை இடிக்கப் போகிறோம், இப்போதே கிளம்புகிறவர்களுக்குக் கையில் ஏதோ தருகிறோம் என்றார்கள். அவர் அப்பா முதல் ஆளாகக் கிளம்பி, தெமியாங்கில் ஒரு தகரக் கொட்டகைக்கு வாடகைக்குப் போனார். பஞ்சாலை என்று ஒரு கிழவி, அவளோடு நாலைந்து குடும்பம் கிளம்பவில்லை. தண்ணீரை நிறுத்தினார்கள், லைட்டை வெட்டினார்கள். ஆற்றுத் தண்ணீர் குடித்துக்கொண்டு கிடந்தார்கள். கடைசியில் புது முதலாளி வேறு வழியில்லாமல் அவர்களுக்குத் தரைவீடு கட்டிக் கொடுத்தான். அக்காவின் அம்மா சாகிறவரை அந்த வீடுகள் இருக்கும் பாதையில் போகமாட்டாராம், சுற்றிக்கொண்டு போவாராம். "உக்காந்திருந்தவங்களுக்குக் கெடச்சுச்சு. நாங்க எந்திரிச்சோம், ஒண்ணும் கெடைக்கல. நான் ஒக்காந்துதான் இருப்பேன்" என்றார்.

தோட்டத்தில் பிறந்த எவரிடமும் இதற்கு மறுப்புச் சொல்ல முடியாது. நான் சொல்லிப் பார்த்தேன். "அக்கா, தோட்டத்துல ஆளுங்க ஒக்காந்திருந்தா அவன் வீடு கட்ட முடியாது, அதனால குடுத்தான். இவனுங்க கட்டுவானுங்களான்னே தெரியாதே." அவர் கேட்கவில்லை. எனக்கு வந்த கோபத்துக்குச் சொல்லக்கூடாத வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். திங்கட்கிழமை மறுபடி பார்க்கப் போனேன். அவர் ஒன்றும் நடக்காத மாதிரி எனக்கு முறுக்கு எடுத்து வைத்தார்.

அதற்குப் பிறகு அந்த மாடியில் நடந்ததை வாழ்க்கை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அக்கா ஒருவர்தான் மேலே. நடைபாதை லைட்டை நிறுத்திவிட்டார்கள், கேஸ் விளக்கு ஒன்றை வாங்கி மாட்டினார். கக்கூஸைப் பூட்டிவிட்டார்கள், ஸ்டேசனுக்குப் போய் வருவார். அதற்கும் முன்படியில் இறங்கி, தெருவைச் சுற்றிக்கொண்டு போவார், பின்படி பக்கத்திலேயே இருந்தும். மழை பெய்தால் என் பழைய கடைக்குள் குளம் கட்டும். புறா எச்சம். தினமும் காலையில் பலகையைக் கழற்றி, வளையல்களை ஒவ்வொரு அடுக்காகத் துடைத்து, முக்காலியை வாசலில் போட்டு உட்காருவார். கடை திறந்திருக்கிறது என்று காட்ட வேண்டுமே. ஒருநாள் திறக்காமல் விட்டால் அதைக் காரணம் காட்டிவிடுவார்கள் என்று பயம். காய்ச்சலோடு வந்து உட்கார்ந்திருக்கிறார். அண்ணி முறைக்காரி சாவுக்குப் போகாமல் உட்கார்ந்திருக்கிறார். கீழே அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் எப்படியோ பல்லி நுழைந்து, பஞ்சு மரத்தடியில் முட்டை போட்டிருந்தது. அதைத் துடைக்கக் கம்பெனி ஆள் ஒருவரும் வரவில்லை.

டொனால்ட் மோட்டாரில் வந்து கெஞ்சுவார். "எங்கூட வந்து இரு அக்கா. புள்ளைங்களுக்கும் ஆளாச்சு." கட்டடம் எழும்பட்டும் வருகிறேன் என்பார் அக்கா. ஒருநாள் டொனால்ட் என் கடைக்கு வந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே அழுதார்.

தொண்ணூற்றாறில் கம்பெனி ஆட்கள் வந்தார்கள். நான் அன்று தற்செயலாக மேலே இருந்தேன். மேனேஜர் நம்ம ஆள், கணேசமூர்த்தி என்று பெயர், கழுத்தில் டை. கூட ஒரு சீனப் பெண்மணி, கையில் கேமரா. இன்னும் யார் கடை நடத்துகிறார்கள் என்று பார்க்க வந்திருக்கிறார்களாம். அக்காவுக்குக் கை கால் ஓடவில்லை. அந்த மனிதனை முக்காலியில் உட்கார வைத்து, என்னை ஆரஞ்சு வாங்கிவர ஓட்டினார். அவன் நல்ல பிள்ளையாகத்தான் பேசினான். "ஆன்ட்டி, நீங்க ஒருத்தங்கதான் இவ்ளோ நாளா லாயலா இருக்கீங்க. உங்களுக்கு இல்லாம யாருக்கு. டோன்ட் வொரி" என்றான். அந்தப் பெண்மணி நாலு பக்கமும் படம் எடுத்தாள். வளையலைக்கூட எடுத்துத் தன் கையில் போட்டுப் பார்த்து, அழகு என்று சொல்லித் திருப்பி வைத்தாள். வாங்கவில்லை.

பிறகு அவன் எழுந்து கடிகாரத்தைப் பார்த்து, "ட்ரெயினுக்கு டைமாச்சு ஆன்ட்டி" என்றான். பின்படியில் இறங்கினார்கள்.

நாங்கள் இரண்டு பேரும் முன்பக்கத்துச் சன்னல் பக்கம் நின்றிருந்தோம். கீழே தெருவில் அவர்களுடைய கார் நின்றது. ஏறி வரும்போதே நான் பார்த்திருந்தேன். டிரைவர் சிகரெட்டைப் போட்டு மிதித்துவிட்டு, காரை எடுத்துக்கொண்டு ஸ்டேசன் பக்கமாகச் சுற்றிப் போனான்.

அந்த ஆரஞ்சு போத்தலில் பாதி அப்படியே இருந்தது.

"ஒருவேளை பிளாட்பாரத்தப் பாக்கணும்னு அந்தப் பக்கம் போயிருப்பாங்கக்கா" என்றேன். எனக்கே அது நம்பும்படியாக இல்லை.

"நான் எத்தன பார்ட்டியப் பாத்தவ" என்றார். பிறகு துணியை எடுத்துத் துடைத்த வளையலையே மறுபடி துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே சொன்னார்: "சில பேரு பின்படியில போயி மறுவாரம் முன்படியில ஏறி வந்திருக்காங்க தம்பி."

அந்தப் பொய்யை அத்தனை பெண்களுக்குச் சொன்ன வாய், அன்றைக்குத் தனக்கே சொல்லிக்கொண்டது. அன்றே பஸ் நிலைய ஆபிசுக்குப் போய் ஒரு சிறுகடை கேட்டேன். எல்லாம் கொடுத்தாகிவிட்டது. என் பக்கத்துக் கடையில் ஒருவன் கைத்தொலைபேசி விற்றுக்கொண்டிருந்தான். அதை அக்காவிடம் நான் சொல்லவேயில்லை. அவர் கேட்கவும் இல்லை.

அதற்கடுத்த வருசம் நாட்டுப் பணமான வெள்ளியின் மதிப்பு விழுந்தது. ஊரெங்கும் பாதி கட்டின கட்டடங்கள் கம்பியை நீட்டிக்கொண்டு நின்றன. கம்பெனி டெலிபோனை எடுப்பதை நிறுத்திவிட்டது. பிறகு கம்பெனியே இல்லை என்று கேள்விப்பட்டோம். யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்றுகூடத் தெரியாமல் போயிற்று. தோட்டத்திலாவது பெரிய பங்களாவுக்கு முன்னால் போய் நிற்கலாம். இங்கே நிற்க ஒரு வாசல் இல்லை. தொண்ணூற்றெட்டில், கட்டடம் இடிந்துவிழும் நிலையில் இருக்கிறது, காலி செய்ய வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். இடிக்கவில்லை, கட்டவில்லை, மூடினார்கள், அவ்வளவுதான். இதை எழுதுகிற இன்றைக்கும் அது அப்படியேதான் நிற்கிறது. சுவரில் அரசமரம் முளைத்திருக்கிறது.

காலி செய்யும் நாளில் என் வேனை எடுத்துக்கொண்டு காலையிலேயே போனேன். டொனால்டுக்கு ஷிஃப்ட், மத்தியானம்தான் வருவார். போய்ப் பார்த்தால் முன்படிக்குத் தகரம் அடித்துச் சங்கிலி போட்டிருந்தார்கள். காவலுக்கு நின்ற ஜாகா ஒரு வங்காளி, வயசான மனிதர். "பெலாக்காங் பூக்கா" என்று மலாயில் சொன்னார். பின்பக்கம் மட்டும் திறந்திருக்கிறதாம்.

"அக்கா எப்படி ஏறுனாங்க?" என்று கேட்டேன். நேற்றே ஏறினார், இறங்கவில்லை என்றார் அவர்.

நான் பின்படியில் ஓடினேன். அக்கா கடையைக் காலி செய்து, பெட்டிகளைக் கட்டி வரிசையாக வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். கூந்தலை நன்றாக வாரி முடித்திருந்தார், வெளுத்த சேலை. பெண்ணாக ஆச்சியின் கடைக்கு வந்து உட்கார்ந்த அன்றைக்கும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார் என்று தோன்றியது.

"முன்னால பூட்டிட்டாங்க தம்பி" என்றார்.

"நான் போயி அந்த ஜாகாகிட்டப் பேசறேன். அஞ்சு நிமிசம் தொறக்கச் சொல்றேன்."

"சாவி அவருகிட்ட இல்ல. கேட்டேன்."

பெட்டிகளை ஒவ்வொன்றாக நான் இறக்கினேன். கண்ணாடி வளையல், படியில் கால் வைக்க வைக்க உள்ளே கலகலவென்று சத்தம். பிளாட்பாரத்தில் மின்சார ரயிலுக்கு நின்ற பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். எல்லாம் இறக்கியபின் அக்கா முக்காலியைத் தூக்கிக்கொண்டு படியின் தலைமாட்டுக்கு வந்தார். நான் கை நீட்டினேன், முக்காலியைத் தரமாட்டேன் என்றுவிட்டார். ஒரு காலை முன்னால் வைத்தார். எடுத்துவிட்டார். அதே மரம் வெட்டின கையால் இரும்புக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

ஏதாவது சொல்ல வேண்டும் என்று எனக்குத் தவிப்பு. வாயில் வேறு எதுவும் வரவில்லை.

"அக்கா, இப்படித்தான் ஒரு பார்ட்டி பின்படியில எறங்கிப் போயி, மறுவாரமே முன்படியில..."

"அது நான் சொல்றதுலா தம்பி" என்றார். "நீ சொல்லாத. அப்படி யாரும் வந்ததில்ல."

முக்காலியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இறங்கத் தொடங்கினார். நான் வழிவிடுவதற்காகச் சுவரோடு ஒட்டி நின்றேன். அவர் என்னைத் தாண்டிப் போனார். எதிரே ஏறி வர யாரும் இல்லை.